கந்தப்பு கொண்டுவந்த டெக்

மூன்றாவது வீடியோ டெக்கும் கலியாண வீட்டுச் சனத்தைக் கோழிக் கூட்டம் போல ஓட வைத்தது. ஐயர் விசிறி வீசுகிறவர் மாதிரி நெய் வார்த்தார். தவில்காரரின் கை இருந்த இடமே தெரியவில்லை. நாயனம் எலிக்குஞ்சாகக் கீச்சிட்டது. ஜெயசுதன் படத்தை நிறுத்தியதும் திரையின் குறுக்கே தடித்த வெள்ளைக் கோடு ஒன்று விழுந்து, மணமகளின் முகத்தை மூக்குக்கு மேலே ஒரு துண்டும் கீழே ஒரு துண்டுமாக வெட்டி வைத்தது.

"சரிவராது ஐயா," என்றான் ஜெயசுதன். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு மாடி அறையில் அவனுடைய ஸ்ரூடியோ இருந்தது. பழைய கசெற்றுகளைக் கணினியில் ஏற்றிக் கொடுப்பதுதான் இப்போது அவனுக்குப் பாதி வேலை. "இந்தக் கொப்பியை லோங் பிளேயிலை அடிச்சிருக்கினம். ஆறு மணித்தியாலத்தை ஒரு கசெற்றுக்குள்ளை அடக்கப் பாத்திருக்கினம். என்னட்டை இருக்கிற டெக் ஒண்டும் அதைச் சரியா வாசிக்காது."

"முதல் போட்ட டெக்கிலை சனம் இப்பிடி ஓடேல்லைத்தானே?" என்றார் சீவரத்தினம்.

"ஓடேல்லை, ஆனால் படம் பச்சையாத் தெரிஞ்சது. நிப்பாட்டேக்கை இதே கோடு வந்தது. உங்களுக்கு நிப்பாட்டிக் காட்டத்தானே வேணும்? அதுக்கு நாடாவை வாசிக்கிற ஹெட் நாலு உள்ள டெக் வேணும் ஐயா. லோங் பிளேயும் வாசிக்க வேணும். அப்பிடி ஒண்டைத் தெரிஞ்செடுத்துக் கொண்டு வாங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்."

சீவரத்தினம் கசெற்றை வாங்கிப் பைக்குள் வைத்தார். எழும்புவதற்குக் கதிரையின் இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டியிருந்தது. அறுபத்தாறு வயது. முப்பத்தொரு வருடம் சாவகச்சேரி பஸ் நிலையத்தில் ரைம்கீப்பராக நின்று ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற முதலே தொடங்கிய வழக்கு இன்னும் ஓயவில்லை.

வழக்கு ஓர் ஒழுங்கைக்காக. சரசாலையில் அவருடைய வீடு உள்ளே இருந்தது. வீதியில் இருந்து அங்கே போகும் வழி, பெரியப்பாவின் மகன் கந்தப்புவின் காணி ஓரமாகப் போனது. இரண்டாயிரமாம் ஆண்டுச் சண்டையில் ஊர் முழுக்க இடம்பெயர்ந்து, இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது வேலியும் இல்லை, வேலி நின்ற அடையாளமும் இல்லை. கந்தப்பு தன் பக்கத்துக்குக் கல் மதில் கட்டினார். மிஞ்சியது ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும் அகலம். 'ஒழுங்கை பன்னிரண்டு அடி, கார் வந்து போன பாதை' என்று சீவரத்தினம் வழக்குப் போட்டார். 'எந்தக் காலத்திலும் நடைபாதைதான்' என்றார் கந்தப்பு.

"எண்பத்தாறாம் ஆண்டு என் தங்கையின் கலியாணத்துக்கு மாப்பிள்ளைக் கார் பந்தல் வாசல்வரைக்கும் வந்தது" என்று சீவரத்தினம் சாட்சி சொன்னார். கந்தப்பு கூண்டில் ஏறி, "கார் வந்தது உண்மை. அண்டைக்கு விடியக் காலமை நான்தான் என்ரை வேலியைப் பிரிச்சு விட்டனான்" என்றார். அப்போது சீவரத்தினத்தின் சட்டத்தரணி சிரித்தார். வேலியைப் பிரித்ததற்கு யார் சாட்சி, ஏன் இதை முதல் அறிக்கையில் சொல்லவில்லை என்று மாறி மாறிக் கேட்டு, கடைசியில் முகத்துக்கு நேரே பொய்யன் என்றார். சீவரத்தினமும் அப்படித்தான் நம்பினார். அடுத்த வருடம் கந்தப்பு நெஞ்சு நோவில் செத்துப் போனார். அவருடைய மனைவி கனகாம்பிகையின் பெயருக்கு வழக்கு மாறியது. அதற்குப் பிறகு பத்து வருடம், தவணைக்கு மேல் தவணை.

இந்தத் தைமாதம் ஜேர்மனியில் தங்கை மகாதேவி சின்ன வீடொன்றுக்கு மாறும்போது, நிலவறைப் பெட்டி ஒன்றுக்குள் கலியாணக் கசெற் அகப்பட்டது. ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து விட்டாள். "படம் தெளிவாக இருந்து, கார் ஒழுங்கைக்குள்ளே நிற்பதை நிறுத்திக் காட்டக் கூடியதாக இருந்தால் கொண்டு வாருங்கள். மங்கலாக இருந்தால் வேண்டாம், மற்றப் பக்கம் சிரிக்கும்" என்று சட்டத்தரணி சொல்லிவிட்டார்.

ஜெயசுதன் சொன்ன விலாசத்துக்கு, பங்குனி வெயிலில், சீவரத்தினம் குருநகருக்கு நடந்தார். கடற்கரைத் தெருவில் சந்தியோகு என்பவர் ஒரு காலத்தில் ரி.வி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு விட்டவர். எழுபது தாண்டிய மனிதர். அறைக்குள் ஆறு டெக்குகளை அடுக்கி, மேலே பழைய சாரத்தால் மூடி வைத்திருந்தார். நாலைத் திறந்தபோது உப்புக் காற்று தின்ற துரு கொட்டியது. ஐந்தாவது ஓடியது. ஆனால் படம் முழுக்கப் பனி பெய்த மாதிரிப் புள்ளி.

ஆறாவதைத் தொடமுதல் சந்தியோகு கசெற்றை வெளியே எடுத்து, மூடியை விலக்கி நாடாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அண்ணை, இதுக்கு நாப்பது வயசு," என்றார். "ஒவ்வொருக்கா ஓடேக்கையும் கொஞ்சம் கொஞ்சமாத் தேயும். எத்தினை டெக்கிலை போட்டிட்டியள்?"

"நாலு."

"இனிக் காணும். ஊரெல்லாம் கொண்டு திரிஞ்சு போட்டுப் பாக்காதேங்கோ. முதல்லை டெக்கைப் பாருங்கோ. வேறை ஏதாவது பழங் கசெற்றைப் போட்டு, சுத்தேக்கை கரகரக்குதோ எண்டு காதைக் குடுங்கோ. நிப்பாட்டினால் படம் நடுங்காமல் நிக்க வேணும். எல்லாம் சரியெண்டால் உங்கடையைப் போடுங்கோ. ஒரே ஒருக்கா."

"அப்பிடி ஒரு டெக் இப்ப ஆரட்டை இருக்கும்?"

"வெளிநாட்டாலை வந்த நல்ல சாமான், வைச்சிருந்தவையும் பவுத்திரமா வைச்சிருக்க வேணும். சும்மா மூடி வைச்சாலும் ரப்பர் இளகிப் போடும்." அவர் சாரத்தைத் திரும்ப இழுத்து மூடினார். "உங்கடை பக்கத்திலை அப்பிடி ஆரும் இருக்கினமோ எண்டு விசாரியுங்கோ."

விசாரிக்க வேண்டிய தேவை சீவரத்தினத்துக்கு இருக்கவில்லை. முதல் நாளில் இருந்தே அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் நாலு பஸ் மாறி அலைந்தார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி அருந்ததி முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள். மாதத்துக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரிக் கிளினிக். ஓட்டோ உள்ளே வராததால் வீதிவரை அவள் நடக்க வேண்டும். மதிலைப் பிடித்துப் பிடித்து, இருபது நிமிடம்.

"கிடைச்சுதோ?"

"இல்லை."

அவள் எண்ணெய்ப் போத்தலை மூடினாள். "இஞ்சாருங்கோ, கந்தப்பு அண்ணை சவூதியிலை இருந்து கொண்டு வந்தது நல்ல டெக்தானே? நாங்கள் எல்லாரும் அங்கை போயிருந்து படம் பாத்தனாங்கள்."

"அது இப்ப இருக்குமோ ஆருக்குத் தெரியும்."

"இடம்பெயரேக்கை நெல்லு மூட்டையை விட்டிட்டு அதைச் சைக்கிளிலை கட்டிக்கொண்டு வந்த மனிசன். மச்சாள் எறிஞ்சிருக்க மாட்டா."

வேறொருவரை அனுப்பி, வேறு காரணம் சொல்லி அதை இரவல் வாங்கலாமோ என்று சீவரத்தினம் இரண்டு நாள் யோசித்தார். பொய்யொன்றைக் கட்டி, அதைத் தூக்கி நிறுத்தி, பிறகு அதற்குக் காவல் இருக்க அவருடைய உடம்பில் தென்பு இருக்கவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம், பத்து வருடமாகக் கடக்காத கந்தப்பு வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போனார். கடைசியாக வந்தது கந்தப்புவின் செத்தவீட்டுக்கு. அன்றைக்கும் முற்றத்தோடு நின்றுவிட்டுத் திரும்பியவர்.

கனகாம்பிகை விறாந்தையில் சாக்கு விரித்துப் புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. கோர்ட்டில் அவளைத் தூரத்தில் பார்த்தவருக்கு அது தெரியவில்லை.

"என்ன தம்பி, புதுசா ஏதும் வழக்கோ?"

"இல்லை மச்சாள். ஒரு உதவி கேட்டு வந்தனான்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கசெற் வந்தது, ஜெயசுதன் சொன்னது, சந்தியோகு சொன்னது. ஒன்றையும் ஒளிக்கவில்லை.

"அப்ப, என்ரை டெக்கிலை போட்டு என்னையே தோக்கடிக்கப் போறியள்."

"ஓம்."

அவள் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. இன்னும் ஐந்தாறு புளியை உடைத்துக் கொட்டையை ஒதுக்கினாள். பிறகு கையைச் சாக்கில் துடைத்தாள்.

"அவர் இருக்கேக்கை சொன்னவர், மாசத்துக்கு ஒருக்கா ஓட விடாட்டில் பழுதாப் போகுமெண்டு. நானும் விசரி மாதிரி மாசா மாசம் ஒரு பழைய படத்தைப் போட்டிட்டு அங்காலை போய்ச் சமைக்கிறன்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "டெக்கை வெளியிலை தர மாட்டன். இஞ்சை வைச்சுத்தான் போடவேணும். எனக்கு முன்னாலை. முழுக்க."

"வேறை?"

"வேறை என்ன? அவர் கூண்டிலை ஏறிச் சொன்னது பொய்யெண்டால் நானும் என்ரை கண்ணாலை பாக்கிறன். எனக்கும் அலுத்துப் போச்சு."

சனிக்கிழமை காலை ஜெயசுதன் லாப்டொப்போடும் வயர்களோடும் வந்தான். மேசையில், பூப்போட்ட துணிக்கு அடியில் டெக் இருந்தது. மேல் மூடியைக் கழற்றி, உள்ளே விளக்கைப் பிடித்துப் பார்த்து, ஹெட்டைப் பஞ்சால் மெதுவாகத் துடைத்தான். கனகாம்பிகையின் பழைய படக் கசெற்றைப் போட்டு, ஓட விட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் சுற்றிக் காதைக் கொடுத்தான். நிறுத்தினான். திரையில் ஒரு நடிகை கண்ணை மூடும் பாதியில் அசையாமல் நின்றாள். கோடு இல்லை, நடுக்கம் இல்லை, சுவரில் கொழுவின படம் மாதிரி.

"ஐயா, இதைத்தான் நாங்கள் தேடினனாங்கள்," என்றான். அவன் குரலில் இருந்த சந்தோசத்தில் அந்த அறையில் வேறு யாரும் பங்கு எடுக்கவில்லை.

கலியாணக் கசெற் உள்ளே போனது. சனம் இப்போது சனம் போல நடந்தது. மகாதேவிக்குத் தலை சீவினார்கள். செத்துப் போன சித்தப்பா வெற்றிலை போட்டார். கனகாம்பிகை கதிரையின் நுனியில் இருந்தாள். அந்தக் கலியாணத்தை அவள் பார்க்கவில்லை, மூத்த பிள்ளைப் பேற்றுக்காக அரியாலையில் தாய் வீட்டில் இருந்தவள். ஒவ்வொரு முகமாக, "இது ஆர்?" என்று கேட்டாள். சீவரத்தினம் பெயர் சொன்னார். பாதிப்பேருக்கு முன்னால் 'செத்துப்போன' என்று சேர்க்க வேண்டியிருந்தது.

முக்கால் மணித்தியாலம் போனபிறகு, வீடியோக்காரனுக்கு உள்ளே புழுங்கியிருக்க வேண்டும், கமெராவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். பந்தல், வாழை, மாவிலைத் தோரணம். அதைத் தாண்டி ஒழுங்கை. இரண்டு பக்கமும் கிடுகு வேலி, நடுவில் ஒடுங்கிய மணல் வழி. அந்த வழியில் ஒரு மனிதன் சைக்கிளோடு வந்தான். எதிரே வந்த ஒரு பெண் வேலியோடு ஒட்டி நின்று அவனுக்கு இடம் விட்டாள்.

சீவரத்தினம் கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்தார்.

கமெரா கொஞ்சம் திரும்பியது. வெறும் மேலோடு, சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவர் இரும்பு அலவாங்கால் வேலிக் கதியாலை நெம்பிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் வேலியைப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி அங்கால் இழுத்தார்கள். அலவாங்குக்காரர் கமெராவைக் கண்டு, 'என்னை என்னத்துக்குப் படம் பிடிக்கிறாய், அங்காலை போ' என்பது போலக் கையை வீசிவிட்டுச் சிரித்தார். கந்தப்பு.

கனகாம்பிகையின் கை வாய்க்குப் போனது.

கார் வந்தது. சோடித்த ஒஸ்ரின், ஒரு சில்லு ஒழுங்கையிலும் மறு சில்லு கந்தப்புவின் காணிக்குள்ளும், வேலி நின்ற குழிகளின் மேலே விழுந்து எழும்பி வந்தது. "வரட்டும், வரட்டும், நேரை விடுங்கோ" என்று கந்தப்புவின் குரல் கேட்டது. முன் சீற்றில், மாப்பிள்ளையைக் கூட்டிவரப் போன இருபத்தேழு வயதுச் சீவரத்தினம் யன்னலால் பாதி உடம்பை வெளியே விட்டு, பந்தல் பக்கம் பார்த்து யாருக்கோ கை காட்டினார். கார் கடக்கும்போது கந்தப்பு அதன் கூரையில் இரண்டு தட்டுத் தட்டினார். சீவரத்தினம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஜெயசுதன் சட்டென்று நிறுத்தினான். "ஐயா, நீங்கள் தேடின இடம் இதுதானே? பாருங்கோ, என்ன துப்புரவா நிக்குது!"

திரையில் காரும், பிடுங்கிய கதியாலும், வியர்வை மின்னும் முதுகும் அசையாமல் நின்றன.

"கொஞ்சம் பின்னாலை விடுங்கோ தம்பி," என்றாள் கனகாம்பிகை. "அவரின்ரை முகம் தெரியிற இடத்துக்கு."

அவன் பின்னால் விட்டான். அவள், "இல்லை, இன்னும் கொஞ்சம்," என்றாள். நாலைந்து தரம் அப்படி. கந்தப்பு சிரிக்கத் தொடங்கி முடிக்காத ஒரு இடத்தில், "இதிலை நிக்கட்டும்," என்றாள். நெடுநேரம் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"சரியான மெலிவு," என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனாள்.

ஜெயசுதனுக்கு விசயம் அப்போதுதான் விளங்கியது. குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ஐயா, கார் வாற துண்டை மட்டும் வெட்டி எடுக்கலாம். வேலி பிடுங்கிறது முன்னுக்கு, அது வராது. லோயர் கேட்டது அவ்வளவும்தானே?"

சீவரத்தினம் திரையைப் பார்த்தார். அவன் சொன்னது சரி. கார் மட்டும் தெரியும். கீழ் ஓரத்தை மறைத்தால் குழிகளும் தெரியாது. பதினாறு வருடம் அலைந்ததற்கு ஒரு கை விரல் அளவு படம். அருந்ததியின் முழங்கால் ஞாபகம் வந்தது. கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி, சட்டத்தரணி சிரிக்கச் சிரிக்க, என்ன சொல்வதென்று தெரியாமல் தன்னையே பார்த்துக்கொண்டு நின்ற கந்தப்பு அண்ணையின் முகமும் வந்தது. குசினியில் கேத்தில் கொதித்து, கோப்பைகள் தட்டுப்படும் சத்தம் கேட்குமட்டும் அவர் யோசித்தார்.

"வெட்ட வேண்டாம்," என்றார். "முழுசா ஏத்தும். மச்சாளுக்கும் ஒரு கொப்பி குடும்."

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பும்போது, "அண்ணை பொய் சொல்லேல்லை," என்றார்.

"அது எனக்கு முதலே தெரியும்," என்றாள் கனகாம்பிகை. "உங்களுக்குத்தான் இவ்வளவு காலம் எடுத்தது."

வைகாசித் தவணைக்குச் சீவரத்தினம் வழக்கைக் கைவிடுவதாகச் சொன்னார். சட்டத்தரணிக்குச் சரியான எரிச்சல். நீதிபதியிடம் சொல்வதற்கென்று சீவரத்தினம் ஒரு வசனம் பாடமாக்கி வைத்திருந்தார், இறந்துபோன பிரதிவாதி இந்த மன்றில் உண்மைதான் சொன்னார் என்று. நீதிபதி இளம் ஆள், முன்னால் இன்னும் நாற்பது வழக்குக் கோவைகள் கிடந்தன. "ஐயா, வழக்கு முடிஞ்சுது, நீங்கள் போகலாம்," என்று அடுத்த இலக்கத்தைக் கூப்பிடச் சொன்னார். சீவரத்தினம் வெளியே வந்து, மரத்துக்குக் கீழே இருந்த வாங்கில் நெடுநேரம் இருந்தார். கவலையும் இல்லை, நிம்மதியும் இல்லை. எழும்ப மனமில்லை, அவ்வளவுதான்.

பஸ் நிலையத்தில் கனகாம்பிகையும் நின்றாள். ஒரே பஸ்ஸில் ஏறினார்கள், இடம் இருந்தபடியால் ஒரே சீற்றில் இருந்தார்கள். சரசாலையில் இறங்கும் நேரத்தில் அவள் சொன்னாள்: "வேலியெண்டால் அவரை மாதிரி ஒரு நாளைக்குப் பிரிச்சு விடலாம். மதிலை என்ன செய்யிறது?"

அதை அவர் ஒரு கேள்வியாக எடுக்கவில்லை. ஆனால் ஆனி மாதத்தில் ஒரு காலை, மதிலோரம் சத்தம் கேட்டு வெளியே வந்தபோது, மேசன் ஒருவன் கயிறு பிடித்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் கனகாம்பிகை.

"காணியை எழுதித் தர மாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்," என்றாள். "வீதிக் கரையிலை ஒரு கேற், உங்கடை பக்கம் ஒரு கேற். என்ரை காணிக்குள்ளாலை வந்து போகட்டும். ஓட்டோ வாறதெண்டால் எத்தினை அடி விட வேணும்?"

சீவரத்தினத்துக்குத் தெரியவில்லை. வாழ்நாளில் பாதியைப் பஸ்ஸுக்கும் மீதியைப் பன்னிரண்டு அடிக்கும் கொடுத்தவர், ஓர் ஓட்டோவின் அகலத்தை ஒருநாளும் அளந்து பார்க்கவில்லை. கடைசியில் சந்தியில் நின்ற ஓட்டோக்காரனைக் கூப்பிட்டு, மேசன் கயிற்றால் அளந்தான். கனகாம்பிகை அதற்கு மேல் ஒரு சாண் கூட்டச் சொன்னாள்.

அடுத்த கிளினிக் நாளில் ஓட்டோ வாசல்வரை வந்தது. அருந்ததியை ஏற்றிவிட்டு, சீவரத்தினமும் பக்கத்தில் ஏறினார். இரண்டு கேற்றையும் கடந்து வீதிக்கு ஏற ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. அருந்ததி அவரிடம் ஏதோ சொல்லத் திரும்பினாள். அவர் அதற்கிடையில் கம்பியில் தலையைச் சாய்த்து, வாய் கொஞ்சம் திறந்தபடி நித்திரையாகிப் போயிருந்தார். அவள் எழுப்பவில்லை.